பாரிஸ் – சூரிச், ஒரு மணித்தியாலம்

பாரிசிலிருந்து சூரிச்சுக்கு எவ்வளவு நேரம் என்று யாராவது உங்களிடம் கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள். அநேகமாக அவருக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கும். பாரிசில் இருக்கிற தம்பியோ மச்சானோ போனில் சொல்லியிருப்பார், ஒரு மணித்தியாலம் என்று. உங்களிடம் அவர் எதிர்பார்ப்பது ஒரு தலையாட்டல் மட்டும்தான். இந்தத் தலையாட்டலைத் தர மறுத்தே என் பாதி ஆயுள் போய்விட்டது.

விமான ரிக்கற் போடும் இந்தக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்சம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். கணினியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் பச்சை எழுத்துத் திரையில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்ததை நீங்கள் கைபேசியில் விரலால் தள்ளிப் பார்க்கிறீர்கள். போன கிழமை இங்கே வந்திருந்தபோது உங்களில் ஒருவர் ஒரு அம்மாவுக்கு அந்தக் கைபேசியையே திருப்பிக் காட்டி, "ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம் அன்ரி" என்று சொன்னதைக் கேட்டேன். அந்த அம்மாவும் சந்தோசமாகப் போய்விட்டார். அவர் எதற்காகப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பழைய எரிச்சல் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் பேசச் சம்மதித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் கடை ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், அந்த உயரமான மாடிக் கட்டடங்களுக்குக் கீழே இருந்தது. எங்கள் சனம் ஐரோப்பா முழுக்கச் சிதறியிருந்த காலம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் ஒஸ்லோவில் இருப்பார், ஒருவர் பாரிசில், ஒருவர் சுவிசில், இன்னொருவர் எங்கள் தலைக்கு மேலே பதினேழாவது மாடியில். ஆகவே கலியாணமோ செத்தவீடோ எதுவானாலும் எங்கள் மேசைக்கு வந்தே தீரும். சுவரில் ஒரு உலகப் படம் தொங்கியது. அதைக் கழற்றி எறிய வேண்டும் என்று நான் முதலாளியிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து அதில் அளப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு ஒரு சாண். பாரிசையும் சூரிச்சையும் ஒரு நகம் மூடிவிடும். "உது கிட்டத்தானே" என்பார்கள். ஐந்நூறு கிலோமீற்றர் என்று சொன்னால், ஏதோ நான்தான் அந்த ஊர்களைப் பிடித்துத் தள்ளி வைத்ததுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். கொழும்பில் ஒரு விமானக் கொம்பனி அலுவலகத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு நாள் ஒருவர் லண்டன், பாரிஸ் ரிக்கற்றோடு வந்து என்னோடு சண்டைக்கு நின்றார். லண்டனில் புறப்படும் நேரத்துக்கும் பாரிசில் இறங்கும் நேரத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். திரும்பி வரும்போது பார்த்தால் ஏறிய கையோடு இறங்குவதுபோல் இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் மணிக்கூட்டில் ஒரு மணித்தியால வித்தியாசம். அவ்வளவுதான் விசயம். அவரோ, "வரேக்கை தாற கெதியான பிளேனைப் போகேக்கையும் தாங்கோ. எனக்கு ஏன் பழைய பிளேனைப் போட்டனீங்கள்?" என்று கேட்டார். நான் கடதாசியில் இரண்டு மணிக்கூடு கீறிக் காட்டினேன். பிறகு பூமியைக் கீறினேன். அவர் என் பென்சிலைப் பார்த்தாரே தவிரப் படத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த முதலாளி எழும்பி வந்து, "வரேக்கை காத்து பின்னாலை நிண்டு தள்ளும் அண்ணை. போகேக்கை எதிர்க்காத்து" என்றார். அந்த மனிதர் திருப்தியாகப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "ஏன் அண்ணை உப்பிடிப் பொய் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"அவர் பிளேனைத் தவற விடப்போறாரோ? இல்லைத்தானே. பிழையாய் விளங்கினதாலை ஒருத்தருக்கு ஒரு நட்டமும் இல்லையெண்டால் விட்டிடு. நட்டம் வருமெண்டால் மட்டும் விடாதை. அப்ப அவர் உன்னைத் திட்டினாலும் விடாதை."

இதை மனதில் வைத்துக்கொண்டு குணரத்தினம் அண்ணையின் கதையைக் கேளுங்கள்.

அவர் அப்போது நகரத்துக்கு வெளியே, றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கிப் போய்விட்டார். ஒரு தொழிற்சாலையில் சுப்பர்வைசர். பழைய பழக்கத்தில் எங்கள் கடைக்கே காரை ஓட்டிக்கொண்டு வருவார். வந்ததும் முதல் வேலையாக, பார்க்கிங் கிடைக்கவில்லை என்று கால் மணித்தியாலம் எங்களைக் குற்றம் சொல்வார். அவருடைய மூத்த மகள் சுபாவுக்குச் சுவிசில் மாப்பிள்ளை சரிவந்திருந்தது. கார்த்திகை மாதம் கலியாணம். மண்டபம் சூரிச்சில்கூட இல்லை, அதற்கு அப்பால் ஒரு சின்ன ஊரில்.

அவருடைய திட்டம் இதுதான். அவரும் மனைவியும் சுபாவும், மனைவியின் தமையனும் அவர் மனைவியும் பாரிசுக்குப் போய், அவருடைய தம்பி வீட்டில் ஒரு கிழமை நிற்பார்கள். கலியாணத்தன்று காலை முதல் விமானத்தில் சூரிச்சுக்குப் போவார்கள். முகூர்த்தம் மத்தியானத்துக்குச் சற்று முன்.

"கலியாணத்தண்டு காலமையோ?" என்று கேட்டேன்.

"ஒரு மணித்தியாலம்தானே தங்கச்சி."

"பறக்கிறது ஒரு மணித்தியாலம் அண்ணை. தம்பி வீட்டிலை இருந்து எயார்போர்ட்டுக்குப் போகவேணும். அங்கை காத்திருக்கவேணும். இறங்கினால் பாஸ்போர்ட் பாப்பினம், பெட்டி வரவேணும். பிறகு மண்டபம் இன்னும் ஒரு மணித்தியாலம். பொம்பிளை எப்ப வெளிக்கிடுறது?"

"தம்பி வீட்டிலையே வெளிக்கிட்டிட்டு ஏறுவாள்."

மணப்பெண் அலங்காரத்தோடு விமானத்தில். நான் கண்ணை மூடித் திறந்தேன். "முதல் நாள் பின்னேரப் பிளேனிலை போடட்டோ?"

"முதல் நாள் இரவு தம்பி வீட்டிலை விருந்து. எங்கடை ஊர்ச்சனம் முழுக்க வருகினம். அவன் ரெண்டு மாசமாய் ஆயத்தம் செய்யிறான். பொம்பிளையைக் கண்ணிலை காட்டாமல் கூட்டிக்கொண்டு போனால் என்ன மரியாதை?"

"அப்ப விருந்தை அதுக்கு முதல் நாள் வைக்கலாம்தானே."

"தங்கச்சி, உங்கடை வேலை ரிக்கற் போடுறது. என்ரை மகளின்ரை கலியாணத்தை நான் பாப்பன். ரொறன்ரோவிலை இருந்து மொன்றியல் போற தூரம். உதுக்குப் போய் இவ்வளவு கதையோ?"

மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் சொன்னேன். மூன்றாம் தரம், நான் அவரைப் பயப்படுத்தி வேறு விமானத்தில் ஏற்றப் பார்க்கிறேன் என்று முதலாளியிடமே முறைப்பாடு சொன்னார். முதலாளி அவர் கேட்டபடியே போடச் சொன்னார். "நீ சொல்லிப்போட்டாய். அவர் கேக்கேல்லை. அவரின்ரை மகள்தானே" என்றார். பிறகு அவரிடம் பாரிஸ் தம்பி வீட்டு நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை. வேறொரு பயணிக்காக ஒரு விமானக் கொம்பனிக்குப் போன் செய்து காத்திருந்தேன். மறுமுனையில் இருந்த பெண் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், சூரிச்சில் இரண்டு நாளாகக் கடும் பனிப்புகார், எதிரே ஒன்றும் தெரியாத மூட்டம், காலை விமானங்கள் எல்லாம் மத்தியானம்வரை இழுபடுகின்றன என்று. நாளைக்கு எப்படி என்று கேட்டேன். நாளைக்கு எல்லாம் நேரத்துக்குப் போவதாகத்தான் திரையில் இருக்கிறது, பனிப்புகாரைப் பற்றித் திரைக்கு என்ன தெரியும் என்று சிரித்தாள்.

போனை வைத்துவிட்டு இருந்தேன். பாரிசில் அப்போது பின்னேரம் தொடங்கும் நேரம். இன்றைக்கே ரயிலில் போங்கள் என்று நான் சொல்லி, நாளைக்கு வெயில் எறித்து விமானமும் நேரத்துக்குப் போனால்? விருந்தைக் குழப்பினவள் என்று குணரத்தினம் அண்ணை என்னைச் சாகும்வரை விடமாட்டார். சொல்லாமல் விட்டால்? அது என் பிழை என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை. வானத்துக்கு நான் பொறுப்பில்லை. அந்த எண்ணம் மிகவும் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாளியிடம் போனேன். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பமோ அண்ணை? நிச்சயமாய்த் தெரிஞ்ச பிறகு சொல்லலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமாய்த் தெரிஞ்ச பிறகு சொல்லுறதுக்கு நாங்கள் என்னத்துக்கு? அதை எயார்போர்ட்டிலை பலகையிலை போடுவாங்கள். இப்ப எடு."

"பிளேன் நிண்டுபோச்செண்டு சொல்லட்டோ? அப்பத்தான் அவர் அசைவார்."

"பொய் சொல்லாதை. உனக்குத் தெரிஞ்சதைச் சொல். தெரியாததைத் தெரியாதெண்டு சொல். உன்ரை பிள்ளையெண்டால் என்ன செய்வாய் எண்டதையும் சொல். அதுக்கு மேலை எங்களுக்கு வேலை இல்லை."

எதிர்க்காற்றுக் கதை சொன்ன அதே மனிதர்தான்.

பாரிஸ் வீட்டில் போனை எடுத்தது சுபா. பெரியவர்கள் எல்லோரும் லா சப்பல் தமிழ்க்கடைகளுக்குப் போயிருந்தார்கள். கைகளில் மருதாணி காயவில்லை என்றும், ரிசீவரைத் தோளால் பிடித்துக்கொண்டு பேசுவதாகவும் சொன்னாள். இங்கே வளர்ந்த பிள்ளை. பல்கலைக்கழகம் முடித்து ஒரு வருடம் வேலையும் செய்தவள். கடைக்குத் தகப்பனோடு ஒரு தரம் வந்தபோது ஒரு மூலையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பயப்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டே விசயத்தைச் சொன்னேன்.

"அன்ரி, சீரியஸா கேக்கிறன். நாளைக்குப் பிளேன் போகுமா, போகாதா?"

"தெரியாது பிள்ளை. போகக்கூடும். ரெண்டு நாளாய் நேரத்துக்குப் போகேல்லை."

"ட்ரெயின்?"

"பின்னேரம் ஒண்டு இருக்கு. கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். எல்லாரிட்டையும் கனடாப் பாஸ்போர்ட் இருக்கு, எல்லையிலை கரைச்சல் இல்லை."

"உங்கடை மகள் எண்டால்?"

"ட்ரெயினிலை ஏத்துவன்."

ரயில் நேரத்தைக் கேட்டு, ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஓகே அன்ரி. அவை வந்தவுடனை எடுக்கிறன்" என்றாள்.

கடைக்குத் திருப்பி எடுத்தது அவள் இல்லை. குணரத்தினம் அண்ணை. பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"என்ன தங்கச்சி, கடல் தாண்டியும் விடமாட்டியளோ? இஞ்சை வானம் கண்ணாடி மாதிரி இருக்கு."

"பனிப்புகார் பாரிசிலை இல்லை அண்ணை, சூரிச்சிலை."

"ஒரு மணித்தியாலத் தூரத்திலை அப்பிடி என்ன பெரிய வித்தியாசம்?"

இந்த இடத்தில் நான் மேசையில் தலையை வைத்துவிட்டேன். முதலாளி ஒரு தண்ணீர்க் கிளாசை என் பக்கம் தள்ளினார். நான் தலையை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் மறுபடி சொன்னேன். அவர் பக்கத்தில் யாரோடோ வாக்குவாதப்பட்டார். சுபாவின் குரல் கேட்டது, மிகவும் அமைதியாக. கடைசியில் அவர் என்னிடம் சொன்னார், "பொம்பிளையளும் மச்சானும் ட்ரெயினிலை போகட்டாம். அவள் பிடிவாதமாய் நிக்கிறாள். நான் நிண்டு விருந்தை முடிச்சுக்கொண்டு காலமை வாறன். வாற சனத்துக்கு ஒருத்தர் எண்டாலும் முகம் குடுக்க வேண்டாமோ?"

"அண்ணை, நீங்களும் போங்கோ. தாரை வாக்கிற ஆள் நீங்கள்."

"நீங்கள் எனக்கு அக்காவோ, மாமியோ? என்ரை வேலையை நான் பாப்பன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது சுபாவின் மாமி, அந்தத் தாய்மாமனின் மனைவி. அவர்கள் சென் ஜேம்ஸ் ரவுணில்தான் இருந்தார்கள். கனடா திரும்பிய கிழமையே பலகாரப் பெட்டியோடு கடைக்கு வந்தார்.

கலியாணத்தன்று காலையில் யன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் விமான நிலையத்துக்குப் போன் செய்தபடி இருந்தார்கள். பாரிஸ் விமானம் இன்னும் கிளம்பவில்லை என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. ஐயர் நேரத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையின் தகப்பன் ஐயரைப் பார்த்தார். சுபாவின் தாய் அழத் தொடங்கினார். இந்த முகூர்த்தத்தை விட்டால் பின்னேரம்தான் என்று ஐயர் சொன்னார். மண்டபத்தைப் பின்னேரம் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். தாய்மாமனையும் மாமியையும் தாரை வார்க்க இருக்கச் சொன்னார்கள். மாமா மாட்டேன் என்றுவிட்டார்.

"குணம் உயிரோடை இருக்கேக்கை அந்த மனிசன்ரை இடத்திலை நான் எப்பிடி இருக்கிறது? வந்து பாத்தால் என்ன நினைப்பார்? காத்திருப்பம்."

அப்போது சுபா, கூறைச்சேலைக்குக் காத்திருந்த கோலத்தோடு வெளியே வந்தாளாம். எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொல்லவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"மாமா, அப்பா வருவார். வரேக்கை எல்லாரும் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தால், இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை அவர் தலை குனிஞ்சு நிக்கவேணும். கலியாணம் முடிஞ்சிருந்தால் வந்து எல்லாரோடையும் இருந்து சாப்பிடலாம். நீங்கள் இருங்கோ. நான் அவரோடை கதைக்கிறன்."

மாமா போய் மணவறையில் இருந்தார். தாலி கட்டி முடிந்தது.

இதைச் சொல்லும்போது மாமிக்குக் கண் கலங்கியது. எனக்கோ கண்மண் தெரியாத கோபம். அந்தப் பிள்ளைக்கு அந்த நிலையை உண்டாக்கின மனிதர் கடைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பஸ்சில் போகும்போதும் வரும்போதும் வசனம் வசனமாக ஆயத்தம் செய்தேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். தூரத்தைப் படம் சொல்லும். பறக்கிற நேரத்தை உங்கள் கைபேசி சொல்லும். போகிறவர் எதற்காகப் போகிறார், பிந்தினால் அவருக்கு என்ன ஆகும், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். நீங்கள் சரியாகச் சொல்லியும் கேளாமல் போகிறவர்கள் இருப்பார்கள். அதுவும் இந்தத் தொழிலில் உள்ளதுதான். அதற்காக அடுத்தவருக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

குணரத்தினம் அண்ணை மார்கழிக் கடைசியில் வந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றாமலே என் முன்னால் இருந்தார்.

"உங்களுக்கு எல்லாம் சொல்லியிருப்பினம்" என்றார்.

"ஓம் அண்ணை."

"பிளேன் போனது, தெரியுமோ? போகாமல் இருக்கேல்லை. மத்தியானம் போனது. ஏறின பிறகு ஒரு மணித்தியாலம்தான். நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

என் ஆயத்த வசனங்களில் முதலாவது நாக்கு நுனியில் வந்து நின்றது. பின்மேசையில் முதலாளி தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

குணரத்தினம் அண்ணை கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார். "நான் மண்டபத்துக்குள்ளை போகேக்கை சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சுபா எழும்பி வந்தாள். ஏன் பிந்தினனீங்கள் எண்டு கேப்பாள் எண்டு நினைச்சன். கேக்கேல்லை. தானே சோறு போட்டுக்கொண்டு வந்து பக்கத்திலை இருந்தவள். நான் சாப்பிட்டு முடியுமட்டும் எழும்பேல்லை. மாப்பிள்ளை கூப்பிட்டும் போகேல்லை."

பெரிய கோபத்தை வைத்துக்கொண்டு அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் இருப்பதைப்போல எரிச்சல் வேறில்லை. திரையை என் பக்கம் இழுத்துக்கொண்டு, "இப்ப எங்கை போகவேணும் அண்ணை?" என்று கேட்டேன்.

"சூரிச்சுக்கு. நான் மட்டும். பாரிஸ் வேண்டாம், இஞ்சையிருந்து நேரை."

"எண்டைக்கு?"

"எண்டைக்கு எண்டாலும் போடுங்கோ."

"என்ன விசயமாய்ப் போறியள் அண்ணை? அதைப் பாத்துத்தான் நான் நாள் சொல்லலாம்."

அவர் சுவரில் இருந்த படத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அளக்கவில்லை.

"விசயம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி. போய் அவளோடை ரெண்டு நாள் இருக்கவேணும், அவ்வளவுதான். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய காரியம் இனி அங்கை எனக்கு ஒண்டும் இல்லை."